சாட்சிக் கண்ணாடி

மகளின் மேசையிலிருந்து நிறமில்லாத நகப்பூச்சு பாட்டிலை எடுத்துக்கொண்டு கட்டிலின் மேல் ஏறி நின்றேன். கீழே கடையில் என் வீட்டுக்காரர் யாரிடமோ குளியலறைக் கண்ணாடியின் அளவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன். சுவரில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தார்கள். அதன் கீழ்மூலையில் ஒரு சொட்டு வைத்தேன். கடுகில் பாதிகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் மட்டும் சின்னப் பரு மாதிரி தட்டுப்படும். ஊதிக் காயவைத்துவிட்டு, பாட்டிலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். இந்த வயதில் இப்படி ஒரு திருட்டு வேலை தேவையா என்றால், தேவைதான்.

சந்தேகப்படுவதில் நான் கைதேர்ந்தவள். காய்கறிக்காரர் தராசைத் தூக்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், அவர் கட்டைவிரலைத்தான் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் வீட்டுக்கு வந்ததும் அலமாரி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். "உன்னை போலீஸ்ல சேர்த்திருக்கணும். உங்கப்பா அவசரப்பட்டு எனக்குக் கட்டி வச்சுட்டாரு" என்பார் என் வீட்டுக்காரர். இந்தத் தடவை அவர் கேலி செய்ய வழியில்லை. சந்தேகத்துக்கான காரணம் எங்கள் படுக்கையறைச் சுவரிலேயே இருந்தது.

எங்கள் தெரு பழைய தெரு. எல்லா வீட்டு முகப்பும் பாதுகாக்கப்பட்டவை என்று தெருமுனையில் ஒரு பலகை நிற்கிறது. ஜன்னலுக்கு வேறு நிறம் அடிக்க ஆசைப்பட்டால்கூட நகராட்சிக்கு நடையாய் நடக்க வேண்டும். எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. அவர் கண்ணாடி அறுத்துச் சட்டம் போடுகிறார். நான் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களைச் சந்தேகப்படுகிறேன். பக்கத்தில் ஒரு பெரிய வீடு, ஒரு காலத்தில் யாரோ வியாபாரிகளுடையது, ரொம்ப நாளாகப் பூட்டியே கிடந்தது. போன வருடம் அதை ஒரு கம்பெனி வாங்கியது. முகப்பை இடிக்கக் கூடாதல்லவா? அதனால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் இரும்புத் தூண்களால் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த அத்தனையையும் வாரிக் கொட்டிவிட்டார்கள். தெருவில் நின்று பார்த்தால் அதே வீடு, அதே செதுக்கல்கள், அதே நீள ஜன்னல்கள். கொஞ்சம் நெருங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே வானம் தெரியும். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பைத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் வரைந்து கொடுத்தவள் ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து இருக்கலாம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். நான் அவளுக்குப் பென்சில்கொண்டை என்று பெயர் வைத்திருந்தேன். முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள். அங்கேயே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தன்னுடைய தகரக் கொட்டகை ஆபீசுக்குக் கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, மேசைமேல் இருந்த மாதிரி வீட்டைக் காட்டினாள். பழைய முகப்புக்குப் பின்னால் படிப்படியாக உள்வாங்கி ஏறும் ஒரு கட்டடம். மேல் மாடிகள் முழுக்கக் கண்ணாடி.

"பழசு மாதிரியே பொய்யா ஒண்ணு கட்ட எனக்குப் பிடிக்காதுக்கா. பழசு பழசா இருக்கட்டும், புதுசு புதுசா இருக்கட்டும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருப்பவற்றை நான் இரண்டாவது தடவை பார்ப்பேன். அந்த மாதிரியில் புதுக் கட்டடத்துக்குக் குட்டி ஜன்னல், குட்டிப் படி, மாடியில் குட்டி மரம்கூட இருந்தது. பக்கத்தில் வெறுமனே ஒரு மரக்கட்டை இருந்தது. எங்கள் வீடு எங்கே என்று கேட்டேன். அந்தக் கட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"ஜன்னலே இல்லையே?"

"சுத்தி இருக்கற வீடெல்லாம் அப்படித்தான்க்கா வைப்போம். கண்ணு இதுமேல நிக்கணும்ல, அதுக்காக."

அவள் சொன்னதில் தப்பில்லை என்று என் வீட்டுக்காரர் பிறகு விளக்கினார். படத்துக்குச் சட்டம் போடும்போது சுற்றிலும் வெறும் அட்டை வைப்பதில்லையா, அது மாதிரி என்றார். எனக்கு ஆறவில்லை. கையில் எடுத்து அப்படியே நகர்த்திவிடலாம் போல இருந்தது அந்தக் கட்டை. ஒட்டக்கூட இல்லை, சும்மாதான் வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தக் காலத்தில் அப்படிக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் அவர்களுடையது, இந்தப் பக்கம் எங்களுடையது, நடுவில் இருக்கும் செங்கல் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் அடித்தளத்துக்குத் துளை போட ஆரம்பித்த வாரம், எங்கள் படுக்கையறையில் கூரையிலிருந்து கட்டில்வரைக்கும் ஒரு கோடு இறங்கியது. தலைமுடி அளவுதான். பென்சில்கொண்டை வந்து பார்த்தாள், கூடவே சைட் மேற்பார்வைக்காரர் நீலத்தொப்பியும் வந்தார். அவள்தான் அந்தக் கண்ணாடித் துண்டை ஒட்டினாள். "இதுதான் சாட்சி. சுவர் அசைஞ்சா, நாம யாரும் சொல்ல வேணாம், இதுவே உடைஞ்சு சொல்லிடும். அது உடைஞ்சா அன்னைக்கே வேலைய நிறுத்திடுவோம். சுவருக்கு முட்டுக் கொடுக்கற வரைக்கும் நீங்களும் வெளிய இருக்க வேண்டியிருக்கும்" என்றாள்.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இப்பவே சொல்ல முடியாது சார். சில மாசம் ஆகலாம்."

"கடை?"

"கடையும்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் வேலை நிற்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அதற்குச் சாட்சிக் கண்ணாடி என்றே எங்கள் வீட்டில் பெயர். வியாழக்கிழமைதோறும் பென்சில்கொண்டை வந்து பார்த்து, லேசாகத் தட்டி, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் நன்றாக இல்லை. அலமாரிக் கதவு மூட மறுத்தது. காலையில் எழுந்தால் போர்வையில் மாவு தூவினாற்போல் சுண்ணாம்பு கிடந்தது. மாடிப்படியில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தால் மறுவாரம் மறுபடி சாய்ந்தது. எதிர்வரிசை டெய்லர் தைத்துக்கொண்டே சொன்னார்: "முனைவீட்டுக்காரங்களையும் இப்படித்தான், ரிப்பேருன்னு மூணு மாசம் வெளிய அனுப்புனாங்க. இப்போ அது ஹோட்டலு. அவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது." வீடு முழுக்க ஆட்டம் காண்கிறது, கண்ணாடி மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? யாரோ மாற்றுகிறார்கள். உடைந்தால் அவர்கள் வேலை நின்றுவிடும் அல்லவா, அதனால் வியாழக்கிழமைக்கு முன்னால் வந்து புதுசு ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வழியும் இருந்தது. அவர்களுடைய சாரம் எங்கள் மொட்டைமாடியை உரசிக்கொண்டு நின்றது. மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாளோ ஒரு தும்மலுக்குத் தாங்காது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அப்போது ஒரு கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய கிறுக்கு. எந்தக் கண்ணாடியை அறுத்தாலும் தண்ணீரில் நனைத்த சாணைக்கல்லால் நாலு விளிம்பையும் தேய்த்து, மூலைகளை மழுங்கடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். சட்டத்துக்குள் போய் மறைந்துவிடப் போகிற விளிம்பையும் தேய்ப்பார். "உள்ள போறத யாரு தொடப் போறா?" என்று நான் கேட்காத நாளில்லை. "மாட்டுறவன் தொடுவானே" என்பார். ஒரு கண்ணாடிக்கு ஆகிற நேரத்தில் மற்ற கடைக்காரர்கள் மூன்று அறுத்துவிடுவார்கள்.

"அவங்க மாத்துறாங்கன்னா நமக்குத் தெரியாம போகுமா? உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுக் கல்லைத் தண்ணீரில் முக்கினார்.

அவருக்கு மட்டும் கவலை இல்லை என்று சொல்ல முடியாது. மகளின் அறைக்கும் அதே சுவர்தான். மழை ஆரம்பித்தபோது அவளுடைய கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டார். துளை போடும் சத்தத்தில் பிள்ளை படிக்க முடியவில்லை, தூசி வேறு என்றார். எங்கள் கட்டிலை நகர்த்த இடமில்லை. அந்தப் பக்கம் அலமாரி. அதே வாரம் அவர் படுக்கும் பக்கத்தையும் மாற்றிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து கதவுப் பக்கம்தான் படுப்பார், நடுவில் எழுந்து போக வேண்டும் என்று அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. "சுவரு குளிர்ச்சியா இருக்கு, நான் இந்தப் பக்கம் படுத்துக்கறேன்" என்றார். ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டிப் போகும்போது என் காலை மிதித்தார். நான் திட்டினேன். மறுபடி பழைய பக்கத்துக்கு வரவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டின் பின்கட்டு போனதில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. எங்கள் படுக்கையறையின் பின்சுவரில், உயரத்தில், ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அவர்களுடைய பின்கட்டு அதை மறைத்துக்கொண்டு நின்றதால், நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் வெளிச்சம் என்று ஒன்று வந்ததில்லை. இப்போது மத்தியானத்துக்கு மேல் வெயில் அதன் வழியாகச் சாய்வாக இறங்கி, விரிசல் விட்ட சுவர்மேல் மெல்ல நகர்ந்து போகிறது. துணி மடிக்கிற சாக்கில் அந்த நேரத்துக்கு அறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வேன். அந்த வெயில் எனக்குப் பிடித்திருந்தது. புதுக் கட்டடம் எழும்பினால் இதையும் எடுத்துக்கொள்வார்களோ என்று அதிலும் ஒரு சந்தேகம்.

நகப்பூச்சு வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை வழக்கம்போல மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். வகுப்பு முடிந்து அவள் தோழி வீட்டுக்குப் போனாள், நான் திரும்பினேன். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மேலே ஏறி, கட்டில்மேல் நின்று, அந்த மூலையைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. மறுபடி தடவினேன். எல்லா மூலையையும் தடவினேன். விரலுக்கு இதமாக இருந்ததே தவிரப் பரு எங்கேயும் தட்டுப்படவில்லை. கண்ணாடி முழுசாக இருந்தது, என் சொட்டு இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. சுவர் விழப்போகிறது என்பதற்கு அத்தாட்சி கிடைத்திருக்கிறது, நான் லாட்டரி விழுந்தவள் மாதிரிப் படியிறங்கி ஓடினேன். கடையில் ஆளில்லை. அவர் மட்டும் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டிக்கிட்டாங்க" என்றேன். நகப்பூச்சு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கை நின்றது. "நீ அடையாளம் வச்சியா?"

"பின்ன? சும்மா விடுவேனா? இப்பவே போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்."

"இரு. இன்னைக்கு வேணாம். வியாழக்கிழமை அவங்களே வருவாங்கல்ல, அப்போ பேசிக்கலாம்."

"உங்களுக்கு எல்லாமே நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டேன்.

பழைய முகப்பின் பெரிய கதவு வழியாக உள்ளே போனால், வீடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமும் கம்பிகளும் பாதி எழும்பிய தூண்களும்தான் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். தெருவில் இத்தனை காலம் கம்பீரமாக நின்ற முகப்பு, பின்னாலிருந்து பார்த்தால் உரித்த செங்கலும் காரையும்தான். வலப்பக்கம் எங்கள் சுவர். அதை அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. அந்த வீட்டு அறைகளின் நிறங்கள் அதில் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ மாட்டியிருந்த ஒரு கடிகாரத்தின் வட்டத் தடம்கூட இருந்தது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் கட்டில் இருக்கிறது என்று நினைத்தபோது கோபம் இன்னும் ஏறியது. அந்தக் கோபத்திலேயே தகரக் கொட்டகைக்குப் போய், உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல், சொல்ல வேண்டியதையெல்லாம் கொட்டினேன். கண்ணாடியை மாற்றுகிறீர்கள், மொட்டைமாடி வழியாக ஆள் அனுப்புகிறீர்கள், நாங்கள் புதைந்து போனால்தான் உங்கள் கட்டடம் அழகாக இருக்குமா என்று கேட்டேன்.

நீலத்தொப்பி எழுந்துவிட்டார். "அம்மா, பாத்துப் பேசுங்க. எங்க பசங்க அடுத்தவங்க வீட்டுக்குள்ள கால் வைக்கறவங்க இல்ல."

பென்சில்கொண்டை அவரைக் கையமர்த்தினாள். முகம் வெளுத்திருந்தது. "வாங்கக்கா, பாத்துடலாம்" என்று ஒரு சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நீலத்தொப்பியும் பின்னாலேயே வந்தார்.

கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, அவள் கத்தி முனையால் கண்ணாடியை நெம்பி எடுத்தாள். அடியில் சிமெண்ட் மேலும் மேலும் பூசிய மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. ஒரு தடவை மாற்றிய காரியமாகத் தெரியவில்லை. விரிசலில் தன் நகத்தை வைத்தாள். நகம் உள்ளே போனது. அவள் நீலத்தொப்பியைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றேன்.

அவள் கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க கண்ணாடி இல்லக்கா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இல்லக்கா. எங்க ஆளுங்க மாத்தியிருந்தா எங்க கண்ணாடியத்தான் ஒட்டியிருப்பாங்க." டப்பாவைத் திறந்து காட்டினாள். வெற்றிலை கனத்தில் துண்டுகள் அடுக்கியிருந்தன. "இது லேசா அசைஞ்சாலே உடையணும், அதனால ரொம்ப மெல்லிசா வாங்குவோம். அறுத்தபடியே வரும். தொட்டா கிழிச்சிடும்." அவள் சுட்டுவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. "இத பாருங்க, நல்ல கனம். ஓரமெல்லாம் யாரோ உக்காந்து தேய்ச்சிருக்காங்க."

துண்டை என் கையில் கொடுத்தாள். கட்டைவிரலை விளிம்பில் ஓட்டினேன். நாலு பக்கமும் தேய்த்திருந்தது. நாலு மூலையும் மழுங்கியிருந்தது. சிமெண்டுக்குள் புதைந்து யாருமே தொடாமல் இருக்கப்போகிற இரண்டு முனைகளும்கூட வழவழவென்று இருந்தன. காலையில் என் விரலுக்கு ஏன் அத்தனை இதமாக இருந்தது என்று அப்போது விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். அறை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எப்போது ஏறி வந்தார் என்று தெரியாது. இரண்டு கையும் முழங்கைவரை ஈரமாக இருந்தது. துடைக்காமல் அப்படியே நின்றார்.

"இந்த ரூமுக்கு வேற யாராவது வருவாங்களாக்கா?" என்று பென்சில்கொண்டை கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்ட என்னிடம் ஒரு பெயர் கேட்கிறாள்.

"மொட்டைமாடிக் கதவு லூசா இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "யாரு வேணும்னாலும் வரலாம்."

"மறுபடியும் எங்க பசங்க மேலயே..." என்று நீலத்தொப்பி ஆரம்பித்தார். நல்ல மனிதர், காதுமடல் சிவந்துவிட்டது. பென்சில்கொண்டை தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதே இடத்தில் ஒட்டினாள். சிமெண்ட் இறுகும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"திங்கக்கிழமை காலைல இன்ஜினீயரோட வரேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் மெஷின் ஓடாது. இது உடைஞ்சா எந்த நேரமா இருந்தாலும் எனக்கு ஃபோன் பண்ணுங்க. அப்பவே வெளிய வந்துடுங்க, எதையும் எடுக்க நிக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தி, "இத யாரும் தொட வேணாம்" என்றாள்.

கீழே போகும்போது அவள் கடை வழியாகத்தான் போக வேண்டும். படியின் மேல்முனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் போடுவதற்காகச் சாய்த்து வைத்திருந்த ஒரு கண்ணாடியின் முன்னால் நின்றாள். விளிம்பில் பிளாஸ்திரி போடாத ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தெரிந்துகொண்டும் சொல்லாமல் போகிறவர்களை நம்ப எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுக்கிறாளா, எங்கள் வாயாலேயே வரட்டும் என்று பொறி வைக்கிறாளா, இல்லை, வீட்டுக்காரனே கண்ணாடியை மாற்றினான் என்று சொல்லி நாளைக்குக் கம்பெனியைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறாளா? மூன்றுக்கும் ஒரே முகம்தான் அவளுக்கு.

அவர் கடையைப் பாதி சாத்திவிட்டு மேலே வந்தார். இழுத்துப் போட்ட கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அலமாரியில் சாய்ந்து நின்றேன்.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"நாங்க நீச்சலுக்குப் போறப்பவா?"

தலையை ஆட்டினார்.

"ஏங்க?"

"வெளிய போகச் சொல்லுவாங்க. போனா திரும்பி வர முடியாது. முனைவீட்டுக்காரங்க வந்தாங்களா?" கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வேற எடத்துல எனக்கு எவன் வேலை கொடுப்பான்? ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கறவன யாரு வச்சுப்பா? கொஞ்ச நாள்ல அவங்க அடித்தளம் முடிஞ்சிடும், சுவரு தானா நின்னுடும்னு நினைச்சேன். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் நினைச்சேன்."

பென்சில்கொண்டை அன்று சொன்னதில் நான் ஒரு பாதியைக் கேட்டேன், அவர் மற்றப் பாதியைக் கேட்டிருக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் சுவர் உதிரும் என்று ஒரு பயம், அதனால் மெதுவாகவே கேட்டேன்.

"தெரிஞ்சுதானே பொண்ணோட கட்டில நகத்துனீங்க?"

"ம்."

"அப்போ நான்? என் கட்டில் இங்கதானே கிடக்கு?"

அவர் நிமிர்ந்தார். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்பேன் என்று எதிர்பார்க்காத முகம். "அதான் நான் சுவர்ப் பக்கம் வந்துட்டேனே" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வாரமாக இந்த மனிதர் இடிந்து விழப்போகும் சுவருக்கும் எனக்கும் நடுவில் தன் முதுகை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார், நானோ என் காலை மிதித்தார் என்று அவரைத் திட்டியிருக்கிறேன். ஒரு சுவரை முதுகால் தாங்கிவிடலாம் என்று நினைக்கிறவரோடு என்ன சண்டை போடுவது? அதே சமயம், பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தாரே என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவும் கை பரபரத்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் ஒன்றும் செய்யவில்லை.

"இனிமே தொட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

நம்பினேன் என்று சொன்னால் பொய். மகளின் அறைக்குப் போய், இந்தத் தடவை சிவப்பு நகப்பூச்சு பாட்டிலை எடுத்து வந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புதுக் கண்ணாடியின் மூலையில் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தேன். விளிம்பு என் விரலைக் கீறிவிட்டது. பொட்டு எது, ரத்தம் எது என்று தெரியாதபடி விரல்நுனி சிவந்தது. அவர் எழுந்து வந்து என் விரலைப் பிடித்துத் தன் சட்டைநுனியால் அழுத்தினார். "இதுக்குத்தான் தேய்க்கணும்கறது" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அவளுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றேன். "சொல்லு" என்றார். ஃபோன் கீழே கடையில் இருந்தது. இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் விரல் அவர் கையில்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து பக்கத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. இந்தப் பக்கமா, தள்ளி அந்தக் கோடியிலா, சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. அதுவும் மெஷினா, என் நெஞ்சா என்று தெரியவில்லை. "அந்தக் கோடிலதான்" என்றார் அவர். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

பின்சுவரின் சின்ன ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, எப்போதும்போல அலமாரியிலிருந்து சுவருக்கு ஏறி, விரிசலை நோக்கி நகர்ந்தது. கீழே பாதி சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வரும் சத்தம் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட்டபடி இரண்டு இரண்டு படியாக ஏறினாள். ஓடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். வெயில் கண்ணாடியைத் தொட்டது. சிவப்புப் பொட்டுக்கு மேலே, கண்ணாடிக்குக் குறுக்கே, மெல்லிசாக ஒரு கோடு மின்னியது. வெயில்தானா என்று கிட்டப் போய்ப் பார்க்க எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.